மான் வயிற்றுச் சேதி

ட்ரோம்ஸோ, 6 அக்டோபர் 1996

மிக்கல் அண்ணாவுக்கு,

ரிஸ்தென் எழுதுகிறேன். சளி போய்விட்டது, இருமல் மட்டும் போக மனசில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. உன் முழங்கால் எப்படி? எல்லே அண்ணி சுகமா? நாய்க்குப் பாதத்தில் பட்ட காயம் ஆறிவிட்டதா?

ஒரு உதவி வேண்டும், சிரிக்காமல் படி. இலையுதிர்கால அறுப்பில் பத்துப் பனிமான்களின் முதல் வயிற்றிலிருந்து ஆளுக்கு ஒரு பிளாஸ்க் கூழ் எனக்கு வேண்டும். இதே கூட்டத்திலிருந்து பிப்ரவரியில் பத்து, ஏப்ரலில் பத்து. பிளாஸ்க்குகள் நாளை பஸ்ஸில் வரும். விளிம்புவரை நிரப்பி உடனே மூடிவிடு. உள்ளே காற்று பட்டால் நான் தேடுகிற ஆசாமிகள் செத்துப்போவார்கள்.

விஷயம் இதுதான். நம் மான்கள் குளிர்காலம் முழுக்கத் தோண்டித் தின்கிற கற்பாசியில் ஒரு கசப்புச் சரக்கு இருக்கிறது. யாரும் தன்னைத் தின்னக்கூடாது என்று பாசியே செய்து வைத்துக்கொள்ளும் விஷம். படம் போட்டால் ஆறு மூலை வளையமாக இருக்கும், லேசில் உடையாது. ஆடு தின்றால் படுத்துவிடும். மான் தின்றுவிட்டு அசைபோட்டுக்கொண்டே நம்மை வேடிக்கை பார்க்கும். அந்த வளையத்தை வெட்டுவது மான் இல்லை அண்ணா, மான் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். ஒவ்வொன்றும் தன் மரபணுவில் ஒரு கத்தரிக்கோல் செய்யும் குறிப்பை வைத்திருக்கிறது. எத்தனை விதக் கத்தரிக்கோல்? ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

என் மேலதிகாரி சோல்வெய்க் தெற்கத்திக்காரி, நம் மான்காரர் வழக்கம் தெரியாதவள். "உங்க அண்ணன்கிட்ட மொத்தம் எத்தனை மான் இருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டாள். "ஐயோ, அதை அவன்கிட்ட கேட்டுடாதீங்க. பேங்க்ல எவ்ளோ வச்சிருக்கீங்கன்னு உங்களைத் திருப்பிக் கேப்பான். கூடப் பொறந்த நானே கேட்டதில்ல" என்றேன். பயந்துவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் தொப்பியில்லாமல் நிற்காதே.

ரிஸ்தென்

&nbsp;

கௌதோகெய்னோ, 10 நவம்பர் 1996

தங்கச்சி ரிஸ்தெனுக்கு,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. அண்ணி சுகம். நாய் ஓடுகிறது. உன் இருமலுக்கு மான் கொழுப்பைச் சூடாக்கிக் குடி, மருந்துக்கடைக்காரனை நம்பாதே.

பத்து பிளாஸ்க் இத்துடன் வருகிறது. ஐந்தாவது, மூக்கில் வெள்ளை விழுந்த பெட்டை. நான் கூழை அள்ளியபோது உன் அண்ணி வாசலில் நின்று, "இத்தனை வருசம் படிச்சிட்டு கடைசியில சாணியாகாத சாணியைக் கேக்குறாளே உங்க தங்கச்சி" என்றாள். நான் உனக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

போன வாரம் பனி விழுந்தது, அதன்மேல் ஒருநாள் முழுக்க மழை. சித்தப்பா மகன் ஒவ்லா இருக்கிறானே, அந்த வீரன், மழைத்துளி மூக்கில் பட்டதும் கூட்டத்தைக் கிழக்கே காட்டுக்கு ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். கன்றுக்குட்டிக் காதில் போட்ட வெட்டு யாருடைய அடையாளம் என்று நாங்கள் சண்டை போட்டு ஆறு வருடமாகிறது. அதற்கப்புறம் அன்றைக்குத்தான் என் குடிசை முன்னால் பனி ஸ்கூட்டரை நிறுத்தினான். "அண்ணே, நீயும் வந்துடு. அடியில ஐஸ் கட்டிரும். காட்டுல ரெண்டு கூட்டத்துக்கும் இடம் இருக்கு" என்றான்.

"மழைக்கு ஓடுறவன் மான் மேய்க்கக் கூடாதுடா, கடலோரம் போயி மீன் காயப்போடணும்" என்றேன். ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். இந்த மேடு நம் தாத்தா காலத்து மேய்ச்சல். நான் எங்கேயும் போகவில்லை.

சுகமாய் இரு.

மிக்கல்

&nbsp;

ட்ரோம்ஸோ, 8 டிசம்பர் 1996

அண்ணாவுக்கு,

கொழுப்பு குடித்தேன், இருமல் ஓடிவிட்டது. மருந்துக்கடைக்காரன் பிழைப்பில் மண் போட்டுவிட்டாய். நீயும் அண்ணியும் நலமா?

நாற்பத்து மூன்று! உட்கார்ந்து படி. உன் பத்து பிளாஸ்க்கில் வளையத்தை வெட்டுகிற மரபணு நாற்பத்து மூன்று விதம். நாங்கள் ஏழெட்டு இருக்கும் என்று நினைத்திருந்தோம். சில ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி, நாலு எழுத்துதான் மாற்றம். சில எந்த வம்சம் என்றே தெரியவில்லை. உன் வெள்ளை மூக்குக்காரி ஒருத்தி வயிற்றிலேயே முப்பத்தைந்து. சோல்வெய்க் தாளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஓடினாள். ஒன்று வளையத்தை இந்தப் பக்கம் வெட்டினால் இன்னொன்று அந்தப் பக்கம் வெட்டுகிறது, மூன்றாவது மிச்சத்தைத் தின்கிறது. ஏன் இத்தனை விதம்? ஒரே வேலைக்கு இத்தனை ஆள் எதற்கு? இதை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

உங்கள் பக்கம் மறுபடி மழை பெய்ததாக ரேடியோவில் சொன்னார்கள். மேய்ச்சல் எப்படி இருக்கிறது?

அண்ணிக்கு என் அன்பு. சாணி என்று சொன்னதை மன்னித்துவிட்டேன் என்று சொல்.

ரிஸ்தென்

&nbsp;

கௌதோகெய்னோ, 2 ஜனவரி 1997

ரிஸ்தெனுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய். அண்ணி உனக்குக் கையுறை பின்னுகிறாள். நாய் வயிறு கெட்டுக் கிடந்தது, இப்போது சரி.

நாற்பத்து மூன்று என்றால் நல்லதுதான். மழை பெய்தது. குளிர்காலம் என்றால் எல்லாம்தான் பெய்யும்.

ஸ்கூட்டருக்கு ஒரு பெல்ட் வாங்க வேண்டும்.

மிக்கல்

&nbsp;

ட்ரோம்ஸோ, 26 ஜனவரி 1997

அண்ணாவுக்கு,

நான் நலம். கையுறை வந்தது, இரண்டுமே இடது கை. அண்ணி எந்த யோசனையில் இருந்தாள்?

உன் கடிதம் எனக்குப் போதவில்லை. நாய் வயிற்றைப் பற்றி ஒரு வரி, மான் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஸ்கூட்டர் பெல்ட் எனக்கு எதற்கு? கோபமா? கடைசியில் அண்ணிக்குப் போன் செய்தேன். "எல்லாம் நல்லாருக்கு ரிஸ்தென், அடுப்புல பால் பொங்குது" என்று வைத்துவிட்டாள். உங்கள் வீட்டில் பால் காய்ச்சி நான் பார்த்ததே இல்லை.

பிப்ரவரிக்கான பிளாஸ்க்குகள் அனுப்பிவிட்டேன். முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்.

ரிஸ்தென்

&nbsp;

கௌதோகெய்னோ, 27 பிப்ரவரி 1997

ரிஸ்தெனுக்கு,

எல்லாரும் சுகம். பத்து பிளாஸ்க் இருக்கிறது. மூடி சரியாக இறுக்கியிருக்கிறேன். மான்கள் நன்றாக மேய்கின்றன.

மிக்கல்

&nbsp;

ட்ரோம்ஸோ, 20 மார்ச் 1997

அன்பு அண்ணாவுக்கு,

நான் நலம், உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் இருவரும் நலமா என்று இந்த முறை மரியாதைக்காகக் கேட்கவில்லை.

உன் பிளாஸ்க்குகளின் கணக்கு வந்துவிட்டது. முதலில் நான் ஏதோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். அதே பதில்தான். நாற்பத்து மூன்று வகையில் மூன்றுதான் மிச்சம். கற்பாசியை வெட்டுகிற கூட்டம் அப்படியே காலி. அந்த இடத்தில் மாவுச்சத்தைத் தின்கிற நுண்ணுயிர்கள், மூட்டைத் தீவனம் போட்ட மாட்டின் வயிற்றில் இருக்குமே, அதேதான். இந்தப் பத்து மான்களும் இரண்டு மாதமாகக் கற்பாசியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் பல நாள் வெறும் வயிறாகக் கிடந்திருக்கின்றன. பட்டினி போட்டால் முதலில் சாவது இந்தக் கத்தரிக்கோல்காரர்கள்தான்.

"உங்க அண்ணன் நல்லா மேயுதுன்னு எழுதியிருக்காரே" என்றாள் சோல்வெய்க். "எங்க அண்ணனுக்கு எழுத வராது" என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

நானும் எதையும் கேட்கவில்லை அண்ணா. உன் பிளாஸ்க் என்ன சொன்னது என்பதை மட்டும் எழுதியிருக்கிறேன். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. பதில் போடு.

ரிஸ்தென்

&nbsp;

கௌதோகெய்னோ, 24 மார்ச் 1997

ரிஸ்தெனுக்கு,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது, பஸ் திரும்புவதற்குள் எழுதுகிறேன். உடம்பு இருக்கிறது. அண்ணி அழுகிறாள், என்னை எழுதச் சொல்லி இரண்டு மாதமாக அழுகிறாள்.

நவம்பர் மழை அடியில் ஐஸாகக் கட்டிவிட்டது. டிசம்பரில் இன்னொரு மழை, இன்னொரு அடுக்கு. கோடாலி போட்டாலும் இறங்காது. மான்கள் குளம்பு கிழிகிறவரை தோண்டின. அடியில் பாசி இருப்பது மூக்குக்குத் தெரிகிறது, வாய்க்கு எட்டவில்லை. மூன்று வாரம் பொறுத்தேன், ஐஸ் உடையும் என்று. உடையவில்லை. அப்புறம் வைக்கோல் வாங்கிப் போட்டேன். ஆசையாகத் தின்றன. தின்றுவிட்டு நிறைந்த வயிற்றோடு செத்தன, ரிஸ்தென். வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் வைக்கோல் போட்டது போட்டபடி இருக்கிறது. அதன்பிறகுதான் மூட்டைத் தீவனம். அதை ஏற்றுக்கொண்டவை பிழைத்தன.

பிப்ரவரியில் நீ பத்துக் கேட்டாய். நான் எதையும் அறுக்கவில்லை. அன்று காலையில் சூடு ஆறாமல் கிடந்தவையே பத்துக்கு மேல். வெள்ளை மூக்குக்காரி ஜனவரியிலேயே போய்விட்டாள்.

நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். இலையுதிர்காலத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு. இன்று காலை வேலிக்குள் எழுபத்து நான்கு, பெரும்பாலும் சினைப் பெட்டைகள். நம் அப்பா என்னிடம்கூட எண்ணிக்கையைச் சொன்னதில்லை. அதைக் காகிதத்தில் எழுத எனக்கு எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

இப்போது வேறு தொல்லை. ஏப்ரல் கடைசியில் கோடை மேய்ச்சலுக்குக் கடற்கரைக்கு நடக்க வேண்டும், எட்டு நாள் வழி. தீவன மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. காற்றடிக்கிற முகடுகளில் ஐஸ் போய்ப் பாசி தெரிகிறது, அதைத்தான் தின்றாகவேண்டும். போன வாரம் ஐந்தை முகட்டில் விட்டுப் பார்த்தேன். தின்றன. நாலாம் நாள் அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் படுத்தன. இரண்டு எழுந்திருக்கவே இல்லை. அந்த இரண்டைக் கழித்துத்தான் எழுபத்து நான்கு.

உன் படிப்பில் இதற்கு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் சொல். இல்லையென்றாலும் சொல்லிவிடு.

மிக்கல்

&nbsp;

ட்ரோம்ஸோ, 27 மார்ச் 1997

அண்ணா,

இருக்கிறது. நீ உடைந்துபோகாமல் இருந்தால் போதும், மற்றதைச் செய்யலாம்.

இல்லாத கத்தரிக்கோலைத் திரும்பக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தக் குளிர்காலம் முழுக்கப் பாசி தின்ற மானின் முதல் வயிற்றுக் கூழ் வேண்டும். துணியில் பிழிந்து, சூடு ஆறுவதற்குள், காற்றுப் படாமல், ஒவ்வொரு மானுக்கும் அரை லிட்டர் குழாய் வழியாக உள்ளே விட வேண்டும். குழாய் அனுப்பியிருக்கிறேன். எங்கள் கால்நடை மருத்துவர் சொல்லிக்கொடுத்ததை உறையில் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மறுநாளிலிருந்து தீவனத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாசியைக் கொஞ்சம் கூட்டு. இரண்டு வாரம் ஆகும், அதனால் ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் முடித்துவிடு. இது வேலை செய்யும் என்று சத்தியம் செய்யமாட்டேன். யாரும் ஒரு கூட்டத்துக்கே செய்து நான் கேள்விப்பட்டதில்லை.

எழுபத்து நான்குக்கு மூன்று வயிறு வேண்டியிருக்கும். பாசி தின்ற மான்கள் உங்கள் பக்கத்தில் யாரிடமாவது இருக்கும். யாரிடம் என்று உனக்கே தெரியும். நான் பேர் சொல்லவில்லை.

எண்ணிக்கை என்னோடு இருக்கும். சோல்வெய்க்குக்குக்கூடத் தெரியாது.

வந்து கூட நிற்கட்டுமா? ஒரு வார்த்தை போதும். அண்ணியை அழவேண்டாம் என்று சொல்.

ரிஸ்தென்

&nbsp;

கௌதோகெய்னோ, 21 ஏப்ரல் 1997

ரிஸ்தெனுக்கு,

எல்லாரும் சுகம். நீ வர வேண்டியிருக்கவில்லை, ஆள் போதுமாக இருந்தது.

ஒன்பதாம் தேதி முடித்தோம். காலையில் ஆரம்பித்து வெளிச்சம் போவதற்குள் எழுபத்து நான்குக்கும் விட்டாகிவிட்டது. கூழ் கிடைத்தது. வீட்டில் கட்டிவைத்திருந்த நம் கிழட்டு வண்டிமான்கள் மூன்றை அறுத்தேன். அவற்றுக்கு அண்ணி இலையுதிர்காலத்தில் மேட்டிலிருந்து வாரி வைத்திருந்த பாசியைப் போட்டுக்கொண்டிருந்தாள். அது நல்லதாகப் போயிற்று.

முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் நாள் ஒரு பெட்டை முகட்டில் தின்றுவிட்டு வந்து படுத்தாள். போச்சு என்று நினைத்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் தாடை அசைகிறது. அசைபோடுகிறாள். அண்ணியைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் பனியில் உட்கார்ந்து ஒரு மான் வாயை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பைத்தியக்காரர்கள் என்று சொல்வார்கள், சொல்லட்டும்.

குழாய் வழியாக எடுத்த பத்து பிளாஸ்க் அனுப்புகிறேன். நாளை மறுநாள் கிளம்புகிறோம். உடம்பைப் பார்த்துக்கொள்.

மிக்கல்

&nbsp;

ட்ரோம்ஸோ, 25 மே 1997

அன்பு அண்ணாவுக்கு,

கடற்கரையில் சுகமா? முழங்கால் எட்டு நாள் நடை தாங்கியதா? எத்தனை போய்ச் சேர்ந்தன என்று கேட்கத் துடிக்கிறது, நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

பதினெட்டு! மூன்றாக இருந்தது பதினெட்டு ஆகிவிட்டது. நாற்பத்து மூன்றில் மீதி திரும்பவே வராமல் போகலாம், நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் பதினெட்டுக்கும் வேலை தெரிகிறது. கசப்பை ஊற்றினேன், இரண்டு நாளில் வெட்டிப் போட்டுவிட்டன. சோல்வெய்க் என்னைக் கட்டிப்பிடித்தாள், தெற்கத்திக்காரர்கள் அப்படிச் செய்து பார்த்ததில்லை.

ஒரே ஒரு புதிர். பதினெட்டில் ஒன்று புது ஆள். உன் இலையுதிர்கால பிளாஸ்க் ஒன்றிலும் இல்லாதது. எங்களிடம் உள்ள வேறு கூட்டங்களின் கணக்கைப் புரட்டினேன். மரத்தில் தொங்கும் தாடிப்பாசியைத் தின்கிற கிழக்குக் காட்டு மான்களின் வயிற்றில் மட்டும் இருக்கிறது. நம் மேட்டில் நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு மரம் கிடையாது. அண்ணி வாரி வைத்த பாசியில் இது வர வழியே இல்லை.

நான் அதற்கு நாற்பத்து நான்கு என்று பெயர் வைத்திருக்கிறேன். அது எந்த வழியாக நம் வீட்டுக்கு வந்தது என்று எழுதினால் ஆராய்ச்சிக்கு உதவும். ஆராய்ச்சிக்கு மட்டும்தான் கேட்கிறேன்.

அண்ணிக்கு முத்தம். வலது கைக்கு ஒரு கையுறை கேட்டதாகச் சொல்.

ரிஸ்தென்

&nbsp;

கடற்கரை முகாம், 8 ஜூன் 1997

தங்கச்சி ரிஸ்தெனுக்கு,

நலம். முழங்கால் திட்டிக்கொண்டே நடந்தது. அறுபத்தொன்பது வந்து சேர்ந்தன. இதுவரை முப்பத்தெட்டு கன்று, இன்னும் ஈனாதவை இருக்கின்றன.

உன்னிடம் ஒரு பொய் சொல்ல வழியில்லாமல் போய்விட்டதே, நீ விளங்குவாயா? மான் வயிற்றில் உளவாளி வைத்திருக்கிறாய். "எழுதும்போதே சொன்னேன்ல, அவ கண்டுபிடிச்சிருவான்னு" என்று அண்ணி சிரிக்கிறாள்.

வண்டிமான் கதை பொய். அவை பிப்ரவரியிலேயே செத்துவிட்டன. உன்னிடம் எண்ணிக்கையைக்கூடச் சொல்லிவிட்டேன், இதைச் சொல்ல வாய் வரவில்லை.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒவ்வொரு நாளும் ஸ்கூட்டரைக் கிளப்புவேன், ஆற்று வளைவுவரை போவேன், திரும்பிவிடுவேன். ஒருநாள் மூன்று பெட்டைகள் சேர்ந்து படுத்துவிட்டன, உயிர் மட்டும் இருந்தது. அன்றைக்குத் திரும்பவில்லை. ஒவ்லாவின் குடிசை வாசலில் போய் நின்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "மூணு மான் வயிறு வேணும்டா" என்றேன்.

அவன் எதற்கு என்று கேட்கவில்லை. தன் கூட்டத்தில் நன்றாகத் தின்று கொழுத்த மூன்றைப் பார்த்துப் பிடித்தான், மெலிந்ததை இல்லை. எங்கள் வேலிக்குள்ளேயே அறுக்கலாம், அப்போதுதான் சூடு போகாது என்று அவனே சொல்லி, வண்டியில் ஏற்றிக்கொண்டு கூடவே வந்தான். நாள் முழுக்க அவன் மான்களின் தாடையைப் பிடித்துக்கொண்டான், நான் குழாயை விட்டேன், அண்ணி ஊற்றினாள். எழுபத்து நான்கும் அவன் கை வழியாகப் போயின. எண்ணிக்கை அவனுக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்க்கவில்லை, கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவன் கிளம்பும்போது, "நவம்பர்லயே உன்கூட வந்திருக்கணும்டா" என்றேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. அவன் ஸ்கூட்டரில் உட்கார்ந்து கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னான்:

"நான் காட்டுல பாதி மேய்ச்சலைத் தொடாம விட்டு வச்சிருந்தேண்ணே. மார்ச் வரைக்கும். ஸ்கூட்டர் சத்தம் கேட்டா நீதானான்னு வெளிய வந்து வந்து பாப்பேன்."

ரிஸ்தென், அங்கே இரண்டு கூட்டத்துக்கும் இடம் இருந்திருக்கிறது.

உடம்பைக் கவனித்துக்கொள். அண்ணி வலது கைக்கு ஆரம்பித்துவிட்டாள்.

மிக்கல்